கரண்ட் வந்தாலும் வராத பிரிண்டர்: வீட்டு வைஃபை பிரிண்டிங், கோளாறு வாரியாக

"கரண்ட் வந்துடுச்சுப்பா, பிரிண்டர்தான் வரல."

முத்தியால்பேட்டை அத்தை போன் செய்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வினாத்தாள் கையில் இருந்தாக வேண்டும். நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். முதல் சில தடவை பஸ் ஏறி பாண்டிக்கே போனேன். மோடத்தை அணைத்துப் போடுவேன், பிரிண்டரை அணைத்துப் போடுவேன், அத்தை காபி கொடுப்பார், திரும்பி வருவேன். அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி போன். ஐந்தாறு முறை அலைந்த பிறகுதான் பிரிண்டரில் கோளாறே இல்லை என்பது உறைத்தது. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும், மோடம் அதற்குக் கொடுக்கும் விலாசம் (ஐ.பி. எண்) மாறிக்கொண்டிருந்தது. லேப்டாப் பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு சொந்தம், அக்கம்பக்கம் என்று நிறைய வீடுகளில் இதே வேலையைப் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

(ஃபைபர்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை நம் பக்கம் மோடம் என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே.)

எதற்கும் முன்னால் ஒரு ஜெராக்ஸ்

பிரிண்டரின் கண்ணாடி மேல் ஒரு தாளைக் கவிழ்த்து, பிரிண்டரிலேயே இருக்கும் காப்பி பட்டனை அழுத்துங்கள். கம்ப்யூட்டரையும் போனையும் தொட வேண்டாம்.

நகல் சுத்தமாக வந்தால் பிரிண்டர் நலம். கோளாறு வைஃபையிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. கீழே படியுங்கள்.

நகல் வரவில்லை, வெள்ளைத் தாளாக வருகிறது, கோடு கோடாக வருகிறது என்றால் வைஃபை பக்கமே போகாதீர்கள். "நகலே சரியாக வரவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மோடத்தை ரீசெட் செய்து, வீட்டில் எல்லோருடைய போனிலும் பாஸ்வேர்டை மறுபடி போட வைத்த மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. கடைசியில் பார்த்தால் மை தீர்ந்திருந்தது.

இன்னொன்று: மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நெட் போயிருந்தாலும் வீட்டுக்குள் பிரிண்ட் வரும். லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் நடுவில் மோடம் உயிரோடு இருந்தால் போதும். மாதச் சந்தாவில் மை வாங்குபவை போன்ற சில மாடல்கள் மட்டும் அவ்வப்போது நெட்டைத் தேடும்.

கோளாறு 1: புது பிரிண்டர், வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது

*பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால்:* வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். உங்கள் மோடம் 5 கிகாஹெர்ட்ஸும் சேர்த்துத் தருகிறது. பெயரின் பின்னால் '5ஜி' என்று ஒட்டியிருக்கும் வைஃபையை விட்டு மற்றொன்றில் பிரிண்டரைச் சேருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், மோடத்தின் பக்கத்தைத் திறந்து 5 கிகாஹெர்ட்ஸை ஒரு பத்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். மோடத்தின் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.

அப்படியும் தெரியவில்லையா? 2.4-ன் சேனலைப் பாருங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் மோடம் சில சமயம் 12, 13 என்று போய் உட்கார்ந்துகொள்ளும். சில பிரிண்டர்களுக்கு 11-க்கு மேல் கண் தெரியாது. 1, 6, 11 இதில் ஒன்றை நீங்களே வையுங்கள்.

*பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டாலும் சேரவில்லை என்றால்:* முதலில் பாஸ்வேர்டை வேறொரு போனில் புதிதாக அடித்துச் சரி பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் நாம் எல்லோரும் தப்பு செய்கிறோம். அடுத்து மோடத்தில் பாதுகாப்பு முறை 'டபிள்யூ.பி.ஏ.3' மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் பழைய பிரிண்டருக்கு அது புரியாது. 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றினால் சேர்ந்துவிடும். வைஃபைக்கு ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருந்தால் பிரிண்டரின் குட்டித் திரையில் அது என்னவோ குறியீடுகளாகத் தெரியும். பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். பாஸ்வேர்டில் விநோதக் குறிகளும் வேண்டாம்.

*போன் ஆப் வழியாகச் சேர்க்கும்போது ஆப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால்:* ஆண்ட்ராய்டு போனில் லொகேஷனை ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் ஆப்பால் பக்கத்து வைஃபைகளைத் தேட முடியாது. மொபைல் டேட்டாவை அணையுங்கள். இடையில் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, இருக்கட்டுமா?" என்று போன் கேட்கும். "இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் இங்கேதான் 'வேண்டாம்' அழுத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

*எதுவும் பலிக்கவில்லை என்றால்* ஹாட்ஸ்பாட் சோதனை. ஒரு போனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் பிரிண்டரைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் கோளாறு மோடத்தில்: ஃபைபர் கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை, பிரிண்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தும் சேரவில்லை என்றால் பிரிண்டருக்குள் இருக்கும் வைஃபை அட்டை போயிருக்கலாம். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர். வாரண்டி முடிந்திருந்தால் யு.எஸ்.பி. கேபிள் போட்டு ஓட்டிவிடுங்கள் என்பதே என் கட்சி.

கோளாறு 2: நேற்று வரை வந்தது, இன்று 'ஆஃப்லைன்' என்கிறது

அத்தை வீட்டுக் கோளாறு இதுதான். எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான்.

முதலில் பிரிண்டர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம். பல மாடல்களில் சில மணி நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும் 'ஆட்டோ ஆஃப்' வசதி உண்டு. அடிக்கடி இப்படி ஆனால் பிரிண்டரின் அமைப்பில் போய் அதை நிறுத்துங்கள்.

பிறகு வைஃபை விளக்கு. விட்டு விட்டு எரிந்தால் பிரிண்டர் வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் வந்ததும் பிரிண்டர் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். மோடம் எழுந்து வைஃபை கொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில பிரிண்டர்கள் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சலித்துப் படுத்துவிடும். ஆகவே வரிசை முக்கியம்: மோடத்தைப் போடுங்கள், போனில் வைஃபை வரும் வரை பொறுங்கள், அப்புறம் பிரிண்டரைப் போடுங்கள், கடைசியில் லேப்டாப். அவசரத்துக்கு இது போதும். மோடத்தை மட்டும் ஒரு சின்ன பவர் பேக்கப்பில் மாட்டிவிட்டால் சின்னச் சின்ன கட்டுக்கு இந்தத் தொல்லையே இருக்காது.

விளக்கு நிலையாக எரிகிறது, ஆனாலும் ஆஃப்லைன் என்றால் விலாசம் மாறியிருக்கிறது. இதைச் சரி பார்க்க:

பிரிண்டரின் திரையிலோ அல்லது அது அச்சடித்துத் தரும் நெட்வொர்க் பக்கத்திலோ 'ஐ.பி. அட்ரஸ்' என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். 192.168.1.7 என்பது போல இருக்கும்.

169.254 என்று தொடங்கினால் மோடம் அதற்கு விலாசமே கொடுக்கவில்லை. மேலே சொன்ன வரிசையில் அணைத்துப் போடுங்கள்.

192.168 என்று சரியாகத் தொடங்கினால், அந்த எண்ணை அப்படியே லேப்டாப் பிரவுசரில் அடியுங்கள். பல மாடல்களில் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். அது திறந்தால் வழி சரியாக இருக்கிறது, விண்டோஸ் மட்டும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய்ப் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆனால் அடுத்த கரண்ட் கட்டுக்கு மறுபடி இதே கூத்து. நிரந்தரத் தீர்வு, மோடத்தில் அந்த எண்ணை பிரிண்டருக்கே எழுதி வைப்பது. மோடத்தின் பக்கத்தில் 'லேன்' அல்லது 'டி.எச்.சி.பி.' என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்', 'ஸ்டேடிக் பைண்டிங்', இப்படி ஏதோ ஒரு பெயரில் இருக்கும். பிரிண்டரின் 'மேக் அட்ரஸ்', அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்கம், அதே நெட்வொர்க் பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதையும் இப்போதைய ஐ.பி. எண்ணையும் ஜோடியாகப் போட்டு சேவ் செய்யுங்கள். இனி எத்தனை முறை கரண்ட் போனாலும் பிரிண்டருக்கு அந்த எண்தான். சில கம்பெனிகளின் மோடத்தில் இந்தப் பகுதி பூட்டியிருக்கும். அப்போது கஸ்டமர் கேரில் கேளுங்கள், செய்து தருவார்கள்.

அடுத்து லேப்டாப்பில் ஒரு வேலை. பிரிண்டர் பிராப்பர்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கத்தைத் திறங்கள். 'டபிள்யூ.எஸ்.டி.' என்று தொடங்கும் போர்ட்டில் டிக் இருந்தால், 'ஆட் போர்ட்' போய் 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்' தேர்ந்து, நீங்கள் கட்டி வைத்த எண்ணைக் கொடுங்கள். டபிள்யூ.எஸ்.டி. என்பது விண்டோஸ் தானாகவே பிரிண்டரைத் தேடிப் பிடிக்கும் முறை; நன்றாக ஓடும்போது நன்றாகத்தான் ஓடும். படுத்துக்கொண்டால் ஏன் என்று சொல்லாது. அதே இடத்தில் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். நன்றாக இருக்கும் பிரிண்டரை ஆஃப்லைன் என்று பொய் சொல்ல வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

அத்தை வீட்டில் இந்த இரண்டையும் செய்த பிறகு ஃபெஞ்சல் புயலே வந்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவு பாண்டி பக்கத்தில் கரை கடந்ததே, அது. கரண்ட் திரும்பி வந்ததும் அத்தையிடமிருந்து போன். பயந்துகொண்டே எடுத்தேன். "வீட்டுக்குள்ள தண்ணி வரலப்பா, நீங்கள்லாம் எப்படி இருக்கீங்க?" என்றார். பிரிண்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

கோளாறு 3: போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை (அல்லது தலைகீழாக)

இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா? விருந்தாளிகளுக்கென்று வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் லேப்டாப் சேர்ந்திருந்தால் பிரிண்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. கெஸ்ட் வைஃபையின் வேலையே அதுதான்.

ஆபீஸ் லேப்டாப்பா? வி.பி.என். (ஆபீஸ் நெட்வொர்க்கோடு லேப்டாப்பை இணைக்கும் தனி வழி) ஓடுகிறதா பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கு இது ஒரு மாதம் தெரியாமல் இருந்தது. வி.பி.என்.-ஐ நிறுத்திவிட்டு பிரிண்ட் கொடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று குறித்திருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள்.

மாடியில் சிக்னல் இல்லையென்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் லேப்டாப்பின் ஐ.பி. எண்ணையும் பிரிண்டரின் ஐ.பி. எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் இருந்தால் ஒரே வீட்டில் இரண்டு தனிக்குடித்தனம் நடக்கிறது. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்'-க்கு மாற்றுங்கள். இது கொஞ்சம் நெளிவு சுளிவான வேலை. பழக்கமில்லை என்றால் நெட் மாட்டிய பையனையே ஒரு நடை வரச் சொல்லலாம்.

தலைகீழாக, போனில் மட்டும் வரவில்லை என்றால், முதலில் போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா பாருங்கள். வைஃபையில்தான் இருக்கிறது, ஆனாலும் பிரிண்டர் தெரியவில்லை என்றால் மோடத்தில் 'ஏ.பி. ஐசோலேஷன்', அதாவது வைஃபையில் இருப்பவற்றை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்து வைக்கும் வசதி, ஆனாக இருக்கலாம். அதை அணையுங்கள்.

கோளாறு 4: கொடுத்ததெல்லாம் வரிசையிலேயே நிற்கிறது

கேன்சல் கொடுத்தாலும் 'டிலீட்டிங்' என்றே காட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் மாற்றி ஒருவர் அதே பிரிண்ட்டை ஏழு தடவை கொடுத்திருப்பார்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

போகவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' (பிரிண்ட் வரிசையைப் பார்த்துக்கொள்வது இதுதான்) என்பதை 'ஸ்டாப்' செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டர். உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலரை 'ஸ்டார்ட்' செய்யுங்கள்.

வரிசை காலியாகவே இருக்கிறது, ஆனாலும் தாள் வரவில்லை என்றால் நீங்கள் கொடுத்தது வேறு பிரிண்டருக்குப் போயிருக்கும். ஒரே பிரிண்டர் 'காப்பி 1' என்று இரண்டு பெயரில் நின்றால் பழையதை நீக்குங்கள். 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற ஸ்விட்சை அணைத்து நீங்களே ஒன்றைத் தேர்ந்து வையுங்கள்.

கோளாறு 5: பாதிப் பக்கம் வந்து நிற்கிறது, அல்லது ஆமை வேகம்

பிரிண்டரை ஒரே ஒரு முறை மோடத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். அங்கே வேகமாக வந்தால் சிக்னல்தான். பாண்டியில் முற்றம் வைத்த பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். முன்கட்டில் மோடம், பின்கட்டில் பிரிண்டர் என்றால் அந்தச் சுவர்களைத் தாண்டிப் போவதற்குள் சிக்னல் களைத்துவிடும். புது வீடென்றால் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பிரிண்டரைச் செருகி வைப்பதுதான் வழக்கமான தவறு. இடத்தை மாற்றுங்கள். செலவில்லை. பிரிண்டரின் பின்னால் லேன் துளை இருந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள், பிரச்சனை அத்தோடு முடிந்தது. வீடு முழுக்க சிக்னல் பரப்பும் மெஷ் ரவுட்டர் வாங்குவதெல்லாம் பிரிண்டருக்காக மட்டும் என்றால் வீண் செலவு.

மோடம் பக்கத்திலும் மெதுவென்றால் ஃபைலைப் பாருங்கள். போனில் படம் பிடித்துச் சேர்த்த பி.டி.எஃப். ஒவ்வொரு பக்கமும் கனமாக இருக்கும்.

கோளாறு 6: நெட் கனெக்‌ஷன் மாற்றியதும் பிரிண்டர் போச்சு

இதற்குக் குறுக்குவழி உண்டு. புது மோடத்தில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையதைப் போலவே, எழுத்துக்கு எழுத்து வையுங்கள். பிரிண்டர், டிவி, கேமரா எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். விலாசத்தைக் கட்டி வைக்கும் வேலையை மட்டும் புது மோடத்தில் மறுபடி செய்ய வேண்டும்.

கோளாறு 7: தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக, அல்லது அர்த்தமில்லாத ஆங்கிலமாக வருகிறது

இது வைஃபை கோளாறு இல்லை. ஆனால் பள்ளிக்கூட வேலை பார்க்கும் எல்லோரும் என்னிடம் கேட்பதால் சொல்கிறேன். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத போனிலோ லேப்டாப்பிலோ திறந்தால் இப்படித்தான் இருக்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய வினாத்தாள் ஃபைல்கள் இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. அனுப்பியவரிடம் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

பி.டி.எஃப்.-இல் திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் உடைந்தால், பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் உடையாது.

நகலே சரியாக வரவில்லை

வெள்ளையாகவோ கோடாகவோ வந்தால், இங்க்ஜெட்டில் முதலில் மை அளவு, பிறகு 'ஹெட் கிளீனிங்', அதாவது மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது. இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யாதீர்கள், மை வீணாகும். ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் ஒருமுறை பாருங்கள். கரண்ட் கட்டில் இங்க்ஜெட் அப்படியே நின்றால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காராமல் காய்ந்துவிடும். அதனால் எப்போதும் பிரிண்டரின் பட்டனிலேயே அணையுங்கள், சுவர் ஸ்விட்சில் வேண்டாம்.

தாள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இழுத்தால், ஐப்பசி கார்த்திகையில் அது தாளின் ஈரம். தேவனாம்பட்டினம் பக்கம், கடலுக்குக் கிட்டே உள்ள வீடுகளில் வருஷம் முழுக்க இந்தத் தொல்லை. ட்ரேயில் இருப்பதை எடுத்துவிட்டு உறை பிரிக்காத கட்டிலிருந்து புதுத் தாள் வைத்துப் பாருங்கள்.

லேசர் பிரிண்டரை வீட்டு இன்வெர்ட்டரிலோ சின்ன யு.பி.எஸ்.-ஸிலோ மாட்டாதீர்கள். உள்ளே உருளை சூடேறும்போது அது இழுக்கும் கரண்டை அவை தாங்காது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

உள்ளே தண்ணீர் போயிருந்தால், கருகல் வாடை வந்தால், இடி மின்னலுக்குப் பிறகு மோடத்தின் லேன் விளக்கு எரியவே இல்லை என்றால், ஹாட்ஸ்பாட் சோதனையிலும் தோற்றால் மேற்கொண்டு நீங்களே நோண்ட வேண்டாம். தண்ணீர் போனதை "காய்ஞ்சிருக்கும்" என்று ஆன் செய்து பார்க்கவே வேண்டாம்.

சர்வீஸ் நம்பரைக் கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதீர்கள். பிரிண்டர் ஹெல்ப்லைன் என்று போலி நம்பர்கள் நிறைய இருக்கின்றன. லேப்டாப்பை ரிமோட்டில் கொடுக்கச் சொல்வார்கள், பிறகு பணம் கேட்பார்கள். நம்பர் வாரண்டி அட்டையிலும் பெட்டியிலும் அச்சாகியிருக்கும், அதையே கூப்பிடுங்கள்.

வருபவரிடம், வந்து பார்க்க எவ்வளவு, போர்டு மாற்ற எவ்வளவு என்று முன்னாலேயே கேளுங்கள். புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்ற மாட்டேன். நகல் எடுத்துப் பார்த்தது, ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தது இரண்டையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். நாலு வீடு பார்க்கும் ஆளுக்கு அதுவே பாதி வேலை.